மூதவைச் சோடி

மாசி 2

மூதவை இன்று கூடியது. கூடியது என்பதை விட, இருந்து எழும்பியது என்றால் பொருத்தம். கீழ்ச்சபையிலிருந்து தென்னை மசோதா ஒன்று வந்திருந்தது. அதில் ஒரு கமாவைக்கூட நாங்கள் அசைக்கவில்லை. எனக்கு முன்வரிசையில் இரண்டு பேர் நித்திரை. அதில் ஒருவர் குறட்டை. தவிசாளர் குறட்டைக்கு இடம் விட்டு விட்டுப் பிரிவுகளை வாசித்தார்.

முப்பது பேர் இருக்கிறோம். பாதிப் பேரைக் கீழ்ச்சபை தெரிந்து அனுப்புகிறது. மற்றப் பாதியைப் பிரதமர் பிடித்து இருத்துகிறார். நான் பிடித்து இருத்தப்பட்டவன். இந்த நாட்டில் ஒரு குருவிகூட எனக்கு வாக்குப் போட்டதில்லை. ஆனாலும் வாசற் படலையில் 'செனற்றர் சி. விசுவலிங்கம்' என்று பித்தளைப் பலகை மினுங்குகிறது. முப்பது வருடம் பிறக்கிராசியாக வழக்குப் பேசிக் கோடு கச்சேரி ஏறியதற்குக் கிடைக்காத மரியாதை, ஆறு வருடம் சும்மா இருந்ததற்குக் கிடைத்தது. என்னை இருத்திய பிரதமர் தேர்தலில் தோற்றுப் போனார். என் தவணை இந்தச் சித்திரையோடு முடிகிறது. புதியவர் விரும்பினால் திரும்பவும் இருத்தலாம். அவர் விரும்புகிற மாதிரி நான் என்ன செய்தேன் என்று பவளம் கேட்கிறாள். மனைவிமார் இப்படித்தான், கட்சிக்காரன் கேட்கக் கூசுகிற கேள்வியைக் கறிக்கு உப்புக் காணுமா என்பது போலக் கேட்பார்கள்.

விஜேகோன் இன்றும் வரவில்லை. நெஞ்சு வருத்தம். அவர் அரசாங்கப் பக்கம், நான் எதிர்ப்பக்கம். எங்கள் கதிரைகள் நேருக்கு நேர். எங்களுக்குள் வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஒருவர் வருத்தம், கலியாணம், செத்தவீடு என்று வரமுடியாமற் போனால், மற்றப் பக்கத்தில் ஒருவர் அவருக்குச் சோடியாகித் தானும் வாக்களிக்காமல் இருந்துவிடுவார். இரண்டு பக்கமும் சமனாகிவிடும். சட்டத்தில் கிடையாது, வாய்ச்சொல் மட்டும்தான். ஆறு வருடமாக நானும் விஜேகோனும் சோடி. என் மகளின் கலியாணத்தன்று வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பு. அவருடைய கட்சி முழுக்கக் கத்தியும் அந்த மனிதர் சபைக்குப் போகாமல் என் பந்தலில் வந்திருந்து பாயசம் குடித்தார்.

மாசி 5

றேடியோ வாயை மூடிக்கொண்டது. கடைக்காரன் வந்து பார்த்து, வால்வு போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனான். செய்தி கேட்காத வீடு செத்தவீடு போல இருக்கிறது.

மாசி 9

டொக்டர் யேசுதாசன் இன்று ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறார். என் பக்கத்துக் கதிரைக்காரர். மலைநாட்டு ஆசுபத்திரிகளில் காலத்தைக் கழித்தவர். அதனால் கொஞ்சம் கிறுக்கு.

தீர்மானம் இதுதான். மூதவையில் பிரதமர் நியமிக்கிற பதினைந்து கதிரைகளில் மூன்றைத் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு ஒதுக்கவேண்டும். அந்தச் சனங்களின் குடியுரிமையையும் வாக்கையும் சட்டம் போட்டுப் பறித்தாயிற்று. பறித்தபோது எங்கள் வடக்குத் தமிழரிலும் சிலர் கை உயர்த்தினார்கள் என்பதை யேசுதாசன் தேநீர் நேரத்தில் என் காதுக்குள் ஞாபகப்படுத்தினார். அவரோடு இருந்து ஒரு பிஸ்கட்டை நிம்மதியாகத் தின்ன முடியாது.

நியாயமான தீர்மானம். நான் எழுந்து ஆதரிப்பேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். பிறகுதான் அச்சுப் பிரதியின் மூன்றாம் பந்தியைப் பார்த்தேன். இனிமேல் காலியாகிற முதல் மூன்று நியமனக் கதிரைகளை அவர்களுக்குக் கொடுக்கவேண்டுமாம். சித்திரையில் காலியாகிற முதற் கதிரை என்னுடையது.

வேடிக்கைதான். இதனால் என் கருத்து மாறப்போவதில்லை.

மாசி 13

எங்கள் குசினியில் பன்னிரண்டு வருடமாகச் சமைக்கிற காத்தாயியின் தமையன் வந்திருந்தான். பழனியாண்டி என்று பெயர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். வெள்ளை வேட்டி, இஸ்திரிக்கை போட்ட சேட்டு, கையில் குடை. காத்தாயிக்கு இப்படி ஒரு தமையன் இருக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னான். இப்போது மறந்துபோச்சு.

அட்டன் பக்கத்திலிருந்து இராத்திரி ரயிலில் வந்தவன். யேசுதாசனின் தீர்மானம் பற்றிப் பேப்பரில் படித்தார்களாம். லயத்து வரிசைவீட்டு ஆட்கள் கூடிப் பேசி இவனை அனுப்பியிருக்கிறார்கள். விறாந்தையில் கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை. தூணோடு நின்றபடி பேசினான்.

"ஓட்டுப் போடாமயே ஆளுங்கள ஒக்கார வைக்கிற சபையாமே ஐயா அது. ஓட்டு இல்லாதவன் போறதுக்குச் சரியான எடம் அதுதானுங்களே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருடத்தில் அந்தச் சபையைப் பற்றி இவ்வளவு சரியாக ஒருவரும் சொன்னதில்லை. அவன் சிரிக்கவில்லை. தோட்டத்தில் ஒரு பிள்ளை செத்தால் புதைக்கிறதற்குக் கூடத் தோட்டத்துரையிடம் இடம் கேட்கவேண்டியிருக்கிறது, அதைச் சொல்வதற்கு எங்கள் ஆள் ஒருவர் ஓரிடத்தில் இருந்தால் போதும் என்றான். கேட்க ஒரு மாதிரி இருந்தது. கதிரை பறிபோனாலும் பரவாயில்லை, செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போவோம் என்று அந்த நேரம் உண்மையாகவே நினைத்தேன்.

"நான் இருக்கிறன் மாஸ்டர். என்ரை வாக்கு உங்களுக்குத்தான்," என்றேன். கையெடுத்துக் கும்பிட்டான்.

பவளம் தேநீர் அனுப்பினாள். எனக்குக் கோப்பையில், அவனுக்குத் தகரப் பேணியில். காத்தாயிதான் இரண்டையும் கொண்டுவந்தாள். தமையனுக்குப் பேணியைக் கொடுத்தபோது அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பையில் கொடுத்திருக்கலாம் என்று பிறகு பவளத்திடம் சொன்னேன். அப்ப சொல்லியிருக்கலாமே என்றாள்.

மாசி 14

மாமரத்தில் முசுறு. சட்டைக்குள் நாலைந்து போய்விட்டன. கடி.

மாசி 17

விஜேகோனின் மருமகன் லயனல் வந்தான். கம்பனி வேலை, புதுக் கார், வாசனை. மந்திரிமாரோடு டெனிஸ் விளையாடுகிறவன். மாமாவை ஆசுபத்திரியிலிருந்து பம்பலப்பிட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். படுக்கை. இருபத்தேழாம் தேதி தோட்டத் தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு, மாமாவால் வரமுடியாது, வழமை போல நீங்கள் சோடியாக இருக்கவேண்டும் என்று மாமா கேட்கச் சொன்னார் என்றான்.

மாஸ்டருக்குச் சொன்னது ஞாபகம் வரத்தான் செய்தது. ஆனால் ஆறு வருடப் பழக்கம். பந்தலில் வந்திருந்து பாயசம் குடித்த மனிதர். அவர் விழுந்து கிடக்கும்போது முதுகில் குத்த முடியுமா? சரி என்றேன்.

கார்க் கதவைத் திறந்துகொண்டே லயனல் இன்னொன்றும் சொன்னான். போன கிழமை ஒரு மந்திரி வீட்டு விருந்தில் என் பெயர் அடிபட்டதாம். விசுவலிங்கம் போன்ற பண்பானவர்கள் மூதவையில் தொடர்ந்து இருப்பது நல்லது என்று ஒருவர் சொல்ல, பிரதமரே தலையாட்டினாராம். இதை நான் இங்கே எழுதுவது ஒரு பதிவுக்காக மட்டும். சோடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சரி என்று நான் முதலே சொல்லிவிட்டேன்.

மாசி 20

விஜேகோனைப் பார்க்கப் போனேன். மனிதர் உருகிப் போய்விட்டார். சபையில் எழுந்தால் மேசை சின்னதாகத் தெரிகிற ஆள், ஒரு தலையணைக்குள் புதைந்து கிடந்தார். என் கையைப் பிடித்தார். நெடுநேரம் விடவில்லை. பேச முயன்றார், மூச்சு இடம் கொடுக்கவில்லை. பேசவேண்டாம் என்றேன். வரவேற்பறைச் சுவரில் அவருடைய தகப்பன், பாட்டன், எல்லோரும் பெரிய சட்டங்களுக்குள் மீசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து காரில் ஏறியதும் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

இந்த ஆளுக்குக் கொடுத்த சொல்லை நான் மீறுவேனா?

மாசி 21

கடைக்குப் போய் றேடியோ பற்றிக் கேட்டேன். வால்வு கப்பலில் வருகிறதாம். எந்தக் கப்பல் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியாது. இந்த நாட்டில் ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது, எல்லோருக்கும் கடை இருக்கிறது.

மாசி 24

யேசுதாசன் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். வெளிநாடு போயிருக்கிற ஒருவரைக் கழித்து, ஆட்களை எண்ணிப் பார்த்தாராம்.

"உம்மட ஒரு வாக்குத்தான் விசுவலிங்கம். நீர் வந்தால் ஒண்டாலை வெல்லுறம். வராட்டில் சரிசமன். சரிசமன் எண்டால் தவிசாளர் அவையின்ரை பக்கம் போடுவார்."

சோடி சொல்லிவிட்டேன் என்றேன். ரத்துச் செய்யும், எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்றார். மற்றவர்கள் செய்திருக்கலாம், நான் செய்யமாட்டேன் என்றேன். மலைக்காட்டில் ஊசி போட்டுத் திரிந்தவருக்குச் சபை நாகரிகம் விளங்காது. அதையும் சொன்னேன். கொஞ்சம் கூடிப்போச்சுப் போல.

"விஜேகோன் உயிரோடை இருக்குமட்டும் நான் கட்டுப்பட்டவன்," என்றேன்.

"உயிர் போனால்?"

"போனால் சோடி இல்லை. முதல் ஆளா வந்து நிப்பன்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அது மட்டுமல்ல, உறுப்பினர் ஒருவர் செத்தால் அன்றைக்குச் சபையே மரியாதைக்காக ஒத்திவைக்கப்படும். அவருக்கும் அது தெரியும்.

பவளம் சாப்பாட்டு மேசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டாள். சோடி என்றால் என்ன என்று அவனுக்கு விளங்கப்படுத்துவேன் என்றேன். நல்லது, எனக்கும் விளங்கப்படுத்துங்கோ என்றுவிட்டு உள்ளே போனாள்.

மாசி 27

வாக்கெடுப்பு நாள். வீட்டில் இருந்தேன்.

வெள்ளனவே முகம் வழித்து, கோட்டும் கழுத்து ரையும் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை, ஆறு வருடப் பழக்கம். பவளம் விடியற்காலையே கோயிலுக்குப் போய், அங்கிருந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு அப்படி ஒரு அமைதி. றேடியோ இன்னும் கடையில். பின்பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போனால் அதுவும், போகாவிட்டால் கடலும், வேறு சத்தமில்லை.

காத்தாயி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஏதோ சொல்ல நின்றாள். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்ப்போம், போய் வேலையைப் பார் என்றேன். இன்னும் நின்றாள். பால்காரன், அது இது என்று ஏதோ குசினிக் கதை. போ என்றேன். போனாள். இன்று முழுக்கத் திரும்பிப் பேச வரவில்லை.

பேப்பரில் துறைமுகச் செய்தியை இரண்டு தரம் வாசித்தேன். வால்வு வருகிற கப்பல் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

விஜேகோன் வீட்டுக்கு ஒருதரம் தொலைபேசியில் பேசிச் சுகம் விசாரிக்கலாம் என்று நினைத்தேன். வருத்தக்காரர் இருக்கிற வீட்டைக் காலையில் தொந்தரவு செய்வது பண்பல்ல. தலையிடியாக வேறு இருந்தது. தொலைபேசியைக் கழற்றி மேசையில் வைத்தேன். மத்தியானம் புளிக்கஞ்சி போல ஏதோ வந்தது, குடித்தேன்.

பின்னேரம் தொலைபேசியைத் திரும்ப வைத்ததும் அலறியது. யேசுதாசன் அல்ல, சபைக் காரியாலயத்துக் கிளாக்கர். இரண்டு பக்கமும் சரிசமன். தவிசாளர் எதிர்த்துப் போட்டார். தீர்மானம் தோற்றது.

விளக்கு வைக்கிற நேரம் லயனல் பேசினான். மாமா இன்று காலமாகிவிட்டார் என்றான்.

இன்று எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது?

மாசி 28

செத்தவீடு. பவளமும் வந்தாள். வரவேற்பறையில் மீசைக்காரர்கள் ஒருவரையும் காணவில்லை. படங்கள் எல்லாவற்றையும் அவர்களின் வழக்கப்படி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். விஜேகோனின் மனைவி என்னைக் கண்டதும் அழுதாள். நேற்று விடியமுன்னமே மூச்சு நின்றுவிட்டது என்றாள். உடனே எல்லோருக்கும் அறிவிக்கத்தான் அவள் சொன்னாளாம். லயனல்தான், சொந்தக்காரர் வெளியூரிலிருந்து வரட்டும், பின்னேரம் அறிவிப்போம் என்று வீட்டுக் கதவைச் சாத்தி வைத்தானாம். வேலைக்காரர் யாரும் வெளியே போகக்கூடாது என்று சொல்லியிருந்தானாம்.

யேசுதாசன் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். செத்த மனிசனுக்குச் சோடியாக இருந்திருக்கிறேன். ஒரு பிணத்துக்காக என் வாக்கைக் கட்டி வைத்தேன். என்னை விட ஏமாற்றப்பட்டவன் இந்த நாட்டில் யார்? லயனலின் முகத்தில் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. அவன் வந்து கையைப் பிடித்து, மாமா உங்களைப் பற்றித்தான் எப்போதும் சொல்வார் என்றான். நான் கையை இழுக்கவில்லை. செத்தவீடு.

பங்குனி 5

அனுதாபத் தீர்மானத்துக்கு மூதவை கூடியது. விஜேகோனைப் பற்றி ஏழு பேர் பேசினார்கள். அதில் ஐந்து பேர் என்னைப் பற்றியும் பேசினார்கள். இரண்டு பக்கமும் மேசையில் தட்டினார்கள். அரசாங்கப் பக்கத்து மூத்த உறுப்பினர், கொடுத்த சொல்லை மரணத்துக்கு அப்பாலும் காத்த கனவான் என்றார். தவிசாளர் என் பக்கம் திரும்பித் தலை வணங்கினார். ஆறு வருடத்தில் அந்தச் சபை என் பெயரை இத்தனை தரம் உச்சரித்ததில்லை.

யேசுதாசன் எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பவளத்திடம் ஒன்று விடாமல் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்துச் சனத்துக்கும் இதைச் சொல்லியனுப்புங்கோ, சந்தோஷப்படுவினம் என்றாள்.

பங்குனி 8

மாஸ்டரிடமிருந்து ஒன்றும் இல்லை. காத்தாயி வழக்கம்போல் சமைக்கிறாள். கறி உறைக்கிறது.

பங்குனி 19

இன்று பேப்பரில் புதிய நியமனங்கள் வந்தன. விஜேகோனின் கதிரைக்கு லயனல். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. மூதவை என்றால் மூத்தோர் அவை என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான்.

என் கதிரைக்கு நான் இல்லை.

என் கதிரைக்குத் தேயிலைக் கம்பனி ஒன்றின் பணிப்பாளர், முன்னாள் தோட்டத்துரை ஒருவர். தோட்டப் பகுதி மக்களின் குறைகளை அரசாங்கம் அக்கறையோடு கவனத்தில் எடுத்து, அவர்களை நன்கு அறிந்த ஒருவரை மூதவைக்கு அனுப்புகிறதாம். பேப்பரில் அவருடைய படம் இருக்கிறது. பைப்பும் நாயுமாக. பிள்ளையைப் புதைக்க யாரிடம் இடம் கேட்கவேண்டுமோ, அவர்தான் இனிமேல் அதைப் பற்றி முறையிடவும் போகிறார்.

பேப்பரைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நிமிர்த்தி வைத்தேன், பவளம் இன்னும் வாசிக்கவில்லை. லயனலுக்குப் பேசினேன். ஐயா வீட்டில் இல்லை என்றார்கள். ஐயாவின் குரல் பின்னால் கேட்டது. பிரதமர் தலையாட்டினாராம். எந்த விருந்து, எந்தத் தலை? நாய்க்கு எலும்பைக் காட்டுவது போலக் காட்டிவிட்டு, அதையும் தாங்களே தின்றுவிட்டார்கள். நான் ஒரு எலும்பும் கேட்கவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பங்குனி 26

கடைசி அமர்வு. வழியனுப்பு உரை ஒன்றும் இல்லை, நேரமில்லையாம். உருளைக்கிழங்கு இறக்குமதி பற்றிப் பேசினார்கள். என் மேசை இழுப்பறையில் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் இருமல் மிட்டாயையும் எடுத்துக்கொண்டு வந்தேன். வாசற்காவலன் மட்டும் போயிட்டு வாறேன் ஐயா என்றான். போகிறவன் நான், சொல்கிறவன் அவன்.

பித்தளைப் பலகையை என்ன செய்வது என்று பவளம் கேட்டாள். முன்னாள் என்று முன்னால் சேர்க்க இடமில்லை. இருக்கட்டும் என்றேன்.

பங்குனி 30

ஒருவரும் வரவில்லை. ஒருவரும் பேசவும் இல்லை.

சித்திரை 2

பழனியாண்டி மாஸ்டர் வந்தான், தங்கச்சியைக் கூட்டிப் போக. தாய்க்கு வயதாகிவிட்டது, பார்க்க ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னான். காத்தாயி ஏற்கனவே மூட்டை கட்டி வைத்திருந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு மூட்டையும் ஒரு தகரப் பெட்டியும். பவளம் அவளுக்கு ஒரு சேலை கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவோடு நின்றாள். இந்த முறை மாஸ்டருக்குத் தேநீர் கோப்பையில் வந்தது. அவன் வேண்டாம், ரயிலுக்கு நேரமாச்சு என்றான்.

அவனிடம் நான் பேசித்தான் ஆகவேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். சோடி என்றால் என்ன, அது ஏன் உடைக்கக்கூடாதது, விஜேகோன் யார், லயனல் எப்படி எல்லோரையும் ஏமாற்றினான், எல்லாம். மாஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டான். அப்படிக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

"அந்த மனிசன் விடியவே செத்துப்போனார் எண்டு எனக்குத் தெரிஞ்சிருந்தால், ஓடிப்போய் உங்களுக்கு வாக்குப் போட்டிருப்பன் மாஸ்டர். கடவுள் ஆணை," என்றேன்.

காத்தாயி மூட்டையைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் என் முகத்தை நேரே பார்த்தது இதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

"நான் சொன்னேனுங்களே ஐயா. அன்னிக்கு வெள்ளன தேத்தண்ணி கொண்டாந்தப்ப. விஜேகோன் ஐயா வீட்ல சொவத்துப் படமெல்லாம் திருப்பி வச்சிருக்காங்க, பெரியவரு போயிட்டாருன்னு, அங்கயும் பால் ஊத்துற நம்ம பால்காரரு கண்டுட்டு வந்து சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னேன். அண்ணன் வந்து கேட்டுட்டுப் போன ஓட்டாச்சேன்னுதான் நின்னு நின்னு சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சந்தைக்கணக்கு ஒப்புவிக்கிற மாதிரித்தான் சொன்னாள். மாஸ்டர் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு தூணைப் பார்த்தான்.

"எனக்குக் கேக்கேல்லை," என்றேன். "றேடியோ சத்தமாக் கிடந்தது."

பவளம் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"எந்த றேடியோ?" என்றாள்.

மாஸ்டர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். அண்ணனும் தங்கையும் படலையைத் திறந்து, பித்தளைப் பலகை தட்டாமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்கள். சாகும் வரையும் அந்தப் பவ்வியத்தை விடமாட்டார்கள் போல. எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று காலையில் வெளியிலும் சத்தம் இருந்தது. ரயில் ஒன்று போனது. அவள் சொன்ன நேரத்தில்தான் போயிருக்கவேண்டும். இதை அந்தத் தேதியிலேயே எழுதியிருக்கிறேன்.

சித்திரை 3

பவளம் சமைத்தாள். பேசவில்லை.

சித்திரை 6

கப்பல் வந்துவிட்டது. கடைக்காரன் றேடியோவைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, மேசையில் வைத்து, முடுக்கிக் காட்டினான். புதுசு மாதிரிப் பாடுகிறது. செய்தியில் மூதவைக்குப் புதிதாக வந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். குறைத்து வைக்கப் போனேன்.

பவளம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாலு நாளைக்குப் பிறகு இன்றுதான் என்னோடு பேசினாள்.

"குறைக்காதேங்கோ. சத்தமா வையுங்கோ. உங்களுக்கு ஒண்டும் கேக்கக் கூடாதெல்லோ."

அப்படியே விட்டேன். இப்போதும் பாடிக்கொண்டிருக்கிறது.